கழிவு விலைக் கன்றுகள்: எதை அங்காடியில் வாங்கலாம், எதற்கு வேறு இடம் போக வேண்டும்

யாழ்ப்பாணத்தில் வீட்டு வளவுக்கு ஒரு கன்று வேண்டுமென்றால் இன்று ஐந்து வழிகள் இருக்கின்றன. பல்பொருள் அங்காடியிலோ பல கிளைகள் கொண்ட பெரிய கடையிலோ விலையைக் குறைத்துக் கழிவு விலைச் சீட்டு ஒட்டி வைத்திருக்கும் செடியை எடுத்து வரலாம். வீதியோரத்தில் நிறுத்தியிருக்கும் லொறியில் பேரம் பேசி வாங்கலாம். ஊருக்குள் இருக்கும் நாற்றுமேடைக்குப் போகலாம். விவசாயத் திணைக்களத்தில் கேட்டுப் பார்க்கலாம். ஒன்றுமில்லாவிட்டால் அயல்வீட்டு வேலியில் ஒரு தடியை முறித்து வந்து நடலாம். இந்த ஐந்தையும் விலையை மட்டும் வைத்து ஒப்பிடுபவர் பெரும்பாலும் அங்காடிக்கோ லொறிக்கோதான் போவார், ஏனெனில் இலவசமான வேலித் தடியை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

விலையைவிடப் பயனுள்ள அளவுகோல் ஒன்று இருக்கிறது. வாங்கிய செடி பிழையான செடி என்பது எப்போது தெரியவரும் என்பதே அது. குரோட்டன் ஒன்று நலிந்ததாக இருந்தால் இரண்டு கிழமைக்குள் இலையைக் கொட்டிக் காட்டிவிடும். அதற்குக் கொடுத்த பணம் போனாலும் காலம் போகவில்லை. ஒட்டு என்று சொல்லி விற்கப்பட்ட மாங்கன்று உண்மையில் விதைக்கன்று என்பதோ, கறுத்தக்கொழும்பான் இன மா என்று சொன்னது வேறு ஏதோ புளிமா என்பதோ தெரியவர நான்கு ஆண்டுகளும் ஆகலாம், எட்டு ஆண்டுகளும் ஆகலாம்; அதற்குள் வளவின் நல்ல மூலையை அது பிடித்துவிட்டிருக்கும். பிழை விரைவில் தெரியும் செடியை எவ்வளவு மலிவாகவும் வாங்கலாம், பிழை பிந்தித் தெரியும் செடிக்கு விலையைப் பார்க்கவே கூடாது என்பதே என் கணக்கு. கீழே வரும் ஒப்பீடு முழுவதும் இந்தக் கணக்கின்படிதான் செல்கிறது.

அங்காடியை முதலில் எடுத்துக்கொள்வோம், ஏனெனில் ஆசை காட்டுவது அதுதான். அங்கே விற்கப்படும் பூச்செடிகளிற் பல மலைநாட்டிலோ ஈரவலயத்திலோ வளர்க்கப்பட்டவை. நிழல்வலைக்குக் கீழே, ஈரப்பதன் நிறைந்த காற்றில், தும்புத்தூள் கலந்த இலேசான ஊடகத்தில், திரவ உரத்தில் வளர்ந்த செடி மூடிய வாகனத்தில் நெடுந்தூரம் வந்து, குளிரூட்டிய கடையின் உலர்ந்த காற்றில் மின்விளக்கின் கீழ் வைக்கப்படுகிறது. செடியின் கண்ணுக்கு அந்த விளக்கு ஏறக்குறைய இருட்டுத்தான். கடைப் பணியாளருக்கு இருபது வேலைகள் இருக்கும். செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது அவற்றில் கடைசி வேலை, அல்லது ஒவ்வொருவராக மூன்று பேர் ஊற்றிவிடும் வேலை. இதற்கு மேல், இடவசதிக்காகச் செடித்தட்டைப் பழத்தட்டுக்குப் பக்கத்தில் வைக்கும் பழக்கம் ஒன்று உண்டு. பழுக்கும் வாழையும் மாம்பழமும் விடும் எத்திலீன் வாயு பூமொட்டுகளை உதிரச் செய்யும். ஓர்கிட் போன்றவை அதற்கு மிக விரைவில் ஆட்படும். கடையில் மொட்டு நிறைந்து நின்ற செடி வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் மொட்டெல்லாம் கொட்டினால் வாங்கியவர் தன் கைராசியைக் குறை சொல்லத் தேவையில்லை.

கழிவு விலை ஏன் போடப்பட்டது என்பதைக் கேட்காமல் கழிவு விலைச் செடி வாங்கக் கூடாது. பூ முடிந்துவிட்டதால் விலை குறைந்ததா, பண்டிகை முடிந்துவிட்டதால் குறைந்ததா, சாடி உடைந்ததால் குறைந்ததா, அல்லது செடி சாகத் தொடங்கியதால் குறைந்ததா என்பது நான்கு வேறு விடயங்கள். முதல் மூன்றும் நமக்கு இலாபம். நான்காவதை அடையாளம் காண்பதற்குச் செடியைக் கையில் தூக்கிப் பார்க்க வேண்டும்.

சாடி எதிர்பார்த்ததைவிட மிகப் பாரமில்லாமல் இருந்தால் தும்புத்தூள் முற்றாகக் காய்ந்துவிட்டது என்று பொருள். ஒருமுறை அப்படிக் காய்ந்த தும்புத்தூள் மேலிருந்து ஊற்றும் தண்ணீரை இலகுவில் உள்ளே விடாது. அது ஓரமாக வழிந்து அடித்துளையால் ஓடிவிடும், ஊற்றியவர் நனைந்துவிட்டது என்று நம்பிக்கொண்டிருப்பார். இது தீர்க்கக்கூடிய குறை. வாளித் தண்ணீரில் சாடியை அமிழ்த்தி, குமிழி வருவது நிற்கும்வரை வைத்தால் போதும். பாரமாகவும் அடித்துளையில் புளித்த நாற்றமும் இருந்தால் வேர் அழுகுகிறது. அதைத் திரும்ப வைத்துவிட வேண்டும். பிறகு சாடியைச் சரித்துத் தண்டின் அடியைப் பிடித்து ஒரு அங்குலம் வெளியே இழுத்துப் பார்க்கலாம். கடைக்காரர் முகம் சுளித்தாலும் இதைச் செய்யாமல் வாங்கக் கூடாது. வெள்ளையாகவோ இளமஞ்சளாகவோ வேர் நுனி தெரிந்தால் செடி வாழ்கிறது. வேர் சாடியின் உருவத்திலேயே வட்டமாகச் சுற்றிச் சுற்றி இறுகியிருந்தால், பூச்செடிக்கு அது பெரிய குற்றமில்லை, பிரித்துவிட்டு நடலாம். மரக்கன்றுக்கு அது மரண ஓலை, ஏனெனில் சுற்றிய வேர் தடித்து ஆண்டுகள் கழித்துத் தன் மரத்தையே நெரிக்கும். வேரில் சிறு முடிச்சுகள் மணிமணியாகத் தெரிந்தால் அது வட்டப்புழுவின் வேலை. அந்தச் செடியை இலவசமாகத் தந்தாலும் கத்தரி, தக்காளி நடும் வளவுக்குள் கொண்டுவரக் கூடாது. கடைசியாக இலையின் பின்புறத்தையும், இலைக்காம்பு தண்டோடு சேரும் மூலையையும் பார்க்க வேண்டும். பஞ்சுத் துகள்போல வெண்மையாக ஏதேனும் ஒட்டியிருந்தால் அது வெண்மூட்டுப்பூச்சி. 2008 இல் இலங்கையில் முதலிற் கண்டறியப்பட்ட பப்பாசி வெண்மூட்டுப்பூச்சி, பப்பாசியோடு நில்லாமல் அலங்காரச் செடிகளிலும் பரவி, அதை அடக்குவதற்கு ஒட்டுண்ணிக் குளவியை வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து விட வேண்டிய நிலை ஏற்பட்டதை நினைவில் வைத்துக்கொண்டால் இந்த ஒரு நிமிடச் சோதனை மிகையாகத் தோன்றாது.

வெளிநாட்டில் இருக்கும் உறவினர் இந்த இடத்தில் ஒரு ஆலோசனை சொல்வதுண்டு. இலண்டனிலும் ரொறன்ரோவிலும் பருவம் முடியும் தறுவாயில் அங்காடிகள் வாடிய செடிகளைக் கால் விலைக்குத் தள்ளிவிடும் என்றும், மேலே காய்ந்திருந்தாலும் வேர் உயிரோடு இருப்பதால் அடுத்த வசந்தத்தில் அவை துளிர்த்துவிடும் என்றும் அவர்கள் சொல்வது அந்த நாடுகளுக்கு முழு உண்மை. குளிர்காலத்தில் உறங்கி எழும் செடிகளுக்கு அது பொருந்தும். நமக்குக் குளிர்காலம் இல்லை. யாழ்ப்பாணத்தில் அங்காடித் தட்டில் இலையில்லாமல் நிற்கும் செடி பெரும்பாலும் உறங்கவில்லை, செத்துக்கொண்டிருக்கிறது. விலக்கு ஒன்றிரண்டு உண்டு. அடினியம் வரட்சியில் இலையைக் கொட்டிவிட்டுத் தடித்த அடித்தண்டோடு இருக்கும்; அதை விரலால் அழுத்திப் பார்த்துக் கல்போல இருந்தால் வாங்கலாம், பொதுக்கென்று உள்ளே போனால் விட்டுவிடலாம். கார்த்திகைப்பூவும் கோடையில் முற்றாக மறைந்து கிழங்காகக் கிடந்து மாரி மழைக்கு எழும்பும் (அந்தக் கிழங்கு கடும் நஞ்சு; குழந்தைகள் உள்ள வீட்டில் வெளியே கிடக்க விடக் கூடாது). இவைபோன்றவற்றைத் தவிர, வாடிய செடியை மலிவுக்கு வாங்கிப் பிழைக்க வைக்கும் வித்தையை இங்கே இறக்குமதி செய்ய முடியாது.

அப்படியானால் அங்காடியில் எதை வாங்கலாம்? நிழலில், சாடியிலேயே வாழ்நாளைக் கழிக்கப் போகும் செடிகளை வாங்கலாம். மணிபிளான்ற், சன்சிவேரியா ஆகியவை மங்கிய வெளிச்சத்தையும் பணியாளரின் மறதியையும் தாங்குபவை. கடையில் மூன்று கிழமை நின்றும் நல்லாக இருப்பவை வீட்டிலும் நல்லாக இருக்கும். பூ முடிந்த ஓர்கிட்டை நான் மிகச் சிறந்த பேரம் என்பேன், ஏனெனில் பூவுக்குத்தான் விலை வைக்கிறார்களே தவிரச் செடிக்கு வைப்பதில்லை, பூ உதிர்ந்தால் விலை சரிகிறது, செடிக்கு ஒரு குறையும் இல்லை. இதிலும் தெரிவு வேண்டும். டென்ட்ரோபியம் நம் வெப்பத்துக்கு ஒத்துப்போகும், காலை வெயில் படும் இடத்தில் தொங்கவிட்டால் மீண்டும் பூக்கும். அகன்ற இலையோடு வண்ணத்துப்பூச்சிபோலப் பூக்கும் ஃபலனோப்சிஸ் மறுபடி பூந்தண்டு விடுவதற்குச் சில கிழமைகள் 25 பாகைக்கு உட்பட்ட குளிர்ந்த வெப்பநிலையை எதிர்பார்க்கும்; நமக்கு அது மார்கழி, தை இரவுகளில்தான் ஓரளவு கிடைக்கும், ஆகவே ஆண்டு முழுவதும் பூவை எதிர்பார்த்து அதை வாங்க வேண்டாம். நத்தார் முடிந்ததும் விலை விழும் செவ்விலைப் பொயின்செற்றியாவையும் வாங்கலாம், ஆனால் கடையில் ஒரு முழ உயரத்தில் குறுகி நிறைந்து நிற்பதற்கு வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் மருந்தே பெரும்பாலும் காரணம். நிலத்தில் வைத்தால் அது ஆளுயரப் புதராகும். அதற்கு இடமிருந்தால் நல்லது.

எதை வாங்கக் கூடாது என்பதை நம் மண்ணும் கிணறும் தீர்மானிக்கின்றன. குடாநாடு சுண்ணாம்புக் கல்லின் மேல் இருக்கிறது. கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படியும் அதே சுண்ணாம்பு, நாம் ஊற்றும் ஒவ்வொரு வாளியோடும் செடியின் அடியிலும் படிகிறது. மலைநாட்டின் அமில மண்ணில் பழகிய ஹைட்ரேஞ்சியா, அசேலியா, கார்டினியா போன்றவற்றுக்கு இது நஞ்சுக்குச் சமம். மண்ணில் இரும்புச் சத்து இருந்தும், காரத்தன்மை அதைப் பூட்டி வைப்பதால் வேரால் எடுக்க முடிவதில்லை. இளம் இலைகள் நரம்பு மட்டும் பச்சையாக, இடைப்பகுதி மஞ்சளாக, பிறகு வெள்ளையாக வெளிறும். நம் ஊரில் பழகிப்போன வெட்சியிற்கூட இதைக் காணலாம். நைதரசன் குறைவென்று நினைத்து யூரியா போடுபவர்கள் இருக்கிறார்கள், அதனால் பயனில்லை. மண்ணில் போடும் இரும்புச் சல்பேற்றையும் சுண்ணாம்பு விரைவிலேயே பூட்டிவிடும். அதை மெலிதாகக் கரைத்து இலையில் தெளிப்பது சில கிழமைக்குக் கை கொடுக்கும், மழைநீரைச் சேர்த்துச் சாடியில் ஊற்றுவது அதைவிட நிலைத்த வழி. ஹைட்ரேஞ்சியாவை நீலப் பூவோடு பார்த்து ஆசைப்பட்டு வாங்குபவருக்கு இன்னொரு ஏமாற்றமும் காத்திருக்கிறது: அந்த நீலம் அமில மண்ணில் அலுமினியத்தை எடுத்ததால் வந்தது, நம் மண்ணில் உயிர் பிழைத்தாலும் இளஞ்சிவப்பாகவே பூக்கும். இத்தகைய செடியைப் பாதி விலைக்கு வாங்குவது பணத்தின் பாதியை மட்டும் எறிவது, அவ்வளவுதான். வாடாத பூக்கொத்தாக நினைத்து ஒரு மாதம் மேசையில் வைத்துப் பார்க்க வாங்கினால் அது வேறு விடயம். அதில் எனக்கு ஆட்சேபமில்லை.

லொறியைப் பற்றி நீளமாகச் சொல்ல எதுவுமில்லை. விலை அங்காடியைவிடக் குறைவு, மாலை ஆக ஆக இன்னும் குறையும், தென்னிலங்கையிலிருந்து வந்தவர் செடிகளோடு திரும்பிப் போக விரும்பமாட்டார். பூச்செடிகளுக்கு அது நல்ல இடம், ஏனெனில் கடைக் குளிரில் நில்லாமல் திறந்த வெளியில் வந்த செடிகள் அவை. மரக்கன்றுக்கு அது மோசமான இடம். பொலித்தீன் பையில் கட்டிய அட்டையில் ‘ரீஜேசி மா’ என்றும் ‘கறுத்தக்கொழும்பான்’ என்றும் எழுதியிருப்பதை உறுதிப்படுத்த யாருமில்லை; நான்கு ஆண்டுகள் கழித்து அந்த லொறியைத் தேடிக் கண்டுபிடிப்பதும் நடக்காத காரியம். நல்லூர்த் திருவிழாக் காலத்தில் வீதிகளில் முளைக்கும் கன்றுக் கடைகளுக்கும் இது பெரும்பாலும் பொருந்தும். அவற்றிற்கு இன்னொரு குறையும் உண்டு. திருவிழா ஆடி ஆவணியில் வருகிறது, அப்போது சோளகக் காற்று ஓயாமல் வீசி நிலத்தின் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டிருக்கும். அந்தக் காற்றில் புதுக்கன்றை நிலத்தில் வைப்பவர் காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றக் கடமைப்பட்டவர்.

மரக்கன்றுக்கு நாற்றுமேடையும் திணைக்களமும்தான் இடம். உள்ளூர் நாற்றுமேடையில் விலை கூட. அந்தக் கூடுதலுக்கு நமக்குக் கிடைப்பவை மூன்று. கன்று நம் கிணற்றுத் தண்ணீரில், நம் வெயிலில் வளர்ந்திருக்கிறது. ஒட்டுக்கிளை எடுத்த தாய்மரம் எங்கே நிற்கிறது என்று கேட்கலாம். நேர்மையான உரிமையாளர் பழம் பழுக்கும் காலத்தில் வந்து பாருங்கள் என்பார், தயங்குபவரிடம் பூச்செடி மட்டும் வாங்குவது நல்லது. மூன்றாவதாக, கன்று பட்டுப்போனால் போய்க் கேட்பதற்கு ஒரு படலை இருக்கிறது. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் விவசாய ஆராய்ச்சி நிலையமும் விவசாயத் திணைக்களத்தின் ஏனைய பிரிவுகளும் இருக்கின்றன. அங்கே நடுகைப்பொருட்கள் கிடைக்கும் காலத்தில் நம்பகத்துக்கும் விலைக்கும் அதை மிஞ்ச எதுவுமில்லை. நாம் நினைத்த நாளில் நினைத்த இனம் இருக்காது என்பதுதான் குறை, ஆகவே முற்கூட்டியே விசாரித்துப் பெயர் கொடுத்து வைப்பது புத்திசாலித்தனம். கார்த்திகையில் நல்லூர் சங்கிலியன் பூங்காவில் நடைபெறும் மலர்க்கண்காட்சியிலும் பல உற்பத்தியாளர்களின் கன்றுகளை ஒரே இடத்தில் ஒப்பிட்டுப் பார்க்கலாம்; நடுவதற்கும் அதுவே சரியான காலம்.

எந்த மரத்துக்கு ஒட்டு வேண்டும், எதற்கு வேண்டாம் என்பதைத் தெரிந்திருந்தால் இங்கேயும் பணத்தை மிச்சப்படுத்தலாம். மாவுக்கு ஒட்டு வேண்டும், அதில் விட்டுக்கொடுக்கக் கூடாது. மூன்று நான்கு ஆண்டுகளில் காய்க்கும், பழம் தாய்மரத்தின் பழமாகவே இருக்கும். ஒட்டுப் போட்ட இடம் தண்டில் ஒரு வடுவாகத் தெரிய வேண்டும், அதற்குக் கீழே இருந்து துளிர் வந்திருந்தால் அது அடிக்கன்றின் துளிர், கிள்ளி எறிய வேண்டியது. தேசி (எலுமிச்சை) அப்படியல்ல. அதன் ஒரு விதையிலிருந்தே ஒன்றுக்கு மேற்பட்ட முளைகள் வருவதும் அவற்றிற் பெரும்பாலானவை தாயை ஒத்திருப்பதும் இயல்பு, ஆகவே நல்ல மரத்தின் விதையிலிருந்து வளர்த்த மலிவான கன்றை அச்சமின்றி வாங்கலாம், காய்க்கக் கொஞ்சம் பொறுக்க வேண்டும். மாதுளையும் திராட்சையும் தடியிலிருந்தே வரும். அவற்றுக்கு அதிக விலை கொடுக்க ஒரு காரணமும் இல்லை.

அயல்வீட்டு வேலி எல்லாவற்றிலும் மலிவானது. கௌரவக் குறைவாக எண்ணி அதைத் தவிர்ப்பவர்கள் கடையில் அதே செடியைக் காசு கொடுத்து வாங்குகிறார்கள். செவ்வரத்தை, நந்தியாவட்டை, குரோட்டன், போகன்வில்லா, மல்லிகை ஆகிய எதையும் நான் கடையில் வாங்குவதில்லை. பென்சில் தடிப்புள்ள, முற்றியும் முற்றாததுமான கிளையில் ஒரு சாண் நீளம் வெட்டி, கீழ் வெட்டு ஒரு கணுவுக்குச் சற்றுக் கீழே வரும்படி பார்த்து, மேலே இரண்டு இலையை மட்டும் விட்டு மண்ணும் மணலும் கலந்த பையில் ஊன்றி நிழலில் வைத்தால் ஐந்தாறு கிழமையில் வேர் பிடித்துவிடும். ஐப்பசியில் முதல் மழை விழுந்த பிறகு செய்தால் பெரும்பாலும் தவறாது. அந்தச் செடி பக்கத்து வளவிலேயே பிழைத்து நிற்கிறது என்பதே அதற்கான உத்தரவாதம். சுண்ணாம்பையும் சோளகத்தையும் அது ஏற்கெனவே வென்றுவிட்டது.

எங்கிருந்து வாங்கினாலும், வாங்கிய செடியை மற்றச் செடிகளோடு உடனே சேர்க்காமல் இரண்டு மூன்று கிழமை தனியே வைத்திருப்பது நல்லது. பூச்சி முட்டைகள் பொரித்து வெளிவரவும், மண்ணுக்குள் நத்தை முட்டை இருந்தால் தெரியவரவும் அவ்வளவு காலம் எடுக்கும். கடை வெளிச்சத்திலிருந்து வந்த செடியை நேரே முற்றத்து வெயிலில் வைத்தால் ஒரே பகலில் இலை கருகும். முதலில் விறாந்தை, பிறகு மர நிழல், பிறகு காலை வெயில் என்று நகர்த்த வேண்டும்.

கோப்பாயிலோ உரும்பிராயிலோ செம்மண் வளவில் புதுவீடு கட்டிக் குடிபோகும் ஒருவர் பத்தாயிரம் ரூபா ஒதுக்கிவிட்டு என்னிடம் கேட்டால், அதிற் பாதிக்கு மேல் ஒன்றிரண்டு ஒட்டுமாங்கன்றுக்கும் கூட்டெருவுக்கும் போகட்டும் என்பேன். மாங்கன்றுக்குப் புரட்டாதியிலேயே சொல்லி வைத்து ஐப்பசி மழைக்கு நட வேண்டும். வேலியோரமும் படலையடியும் அயலவரிடம் கேட்ட தடிகளால் நிரம்பட்டும். விறாந்தைக்கும் சாளரத்துக்கும் வேண்டிய நான்கைந்து சாடிகளை அங்காடியில் கழிவு விலைக்கு வாங்கலாம், பூ முடிந்த டென்ட்ரோபியம் ஒன்று கண்ணிற் பட்டால் அதையும் சேர்த்து எடுக்கலாம். மிஞ்சும் பணத்தில் பீலித் தண்ணீரைப் பிடிக்க ஒரு பெரிய பரல் வாங்கி வைத்தால், மாரியில் நிரம்பும் அந்தத் தண்ணீர் சாடிச் செடிகளுக்குப் பங்குனி வரை வரும்.